கட்டுத்துணியில் மஞ்சள் மணிகள்

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம், என் மனைவியின் வலது அடிவயிற்றில் கல் போல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்த பிரெஞ்சு சர்ஜன், எதையும் வெட்டாமல் திரும்பத் தைத்துவிட்டார். “குடலில் புற்று. கல்லீரல் வரை பரவிவிட்டது. ஊருக்குக் கூட்டிப் போங்கள்” என்று அவள் கட்டிலருகிலேயே பிரெஞ்சில் சொன்னார். சில நாட்களில் அவரும் தன் ஊருக்குப் போய்விட்டார்.

காரைக்கால் திரும்பக் கப்பலில் இடம் பிடித்தேன். அவளிடம் சாதாரணக் கட்டி என்றேன்.

தையல் ஆறாமல் ஓர் ஓரத்தில் சீழ் கசிந்தது. கட்டு மாற்ற வீட்டுக்கு வந்த நர்ஸ், நகரை ஒட்டிய சோலோன் பகுதியில் சண்டை மூண்டதும் வரவில்லை. பீரங்கிச் சத்தத்தில் ஜன்னல் அதிர, நானே கட்டைப் பிரித்தேன். துணியில் ரவை போல மஞ்சள் மணிகள். மறுநாளும் அப்படியே.

“என்னங்க, என்னத்த அப்படிப் பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“புத்துன்னு டாக்டரு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நானும் கான்வென்ட்ல பிரெஞ்சு படிச்சவதானே.”

துணியைக் காட்டினேன்.

“புத்துலேர்ந்து இப்படியா வரும்? கொண்டுபோய்க் கேளுங்க.”

துணியை ஒரு குப்பியில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பாலத்தில் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி நிறுத்தினார்கள். குப்பியைத் திறந்து முகர்ந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, போ என்று கையசைத்தான்.

ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு வியட்நாமிய டாக்டர். ஒரு மணியைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

“இது புற்று இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கிருமி. புற்றைப் போலவே கட்டியாக வளரும், அபூர்வமானது. பெனிசிலின் மாதக்கணக்கில் போட வேண்டும்.”

“நாளை மறுநாள் எங்களுக்குக் கப்பல்.”

“கப்பலில் ஊசி கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. முடிவு உங்களுடையது.”

வீட்டில் சொன்னதும் அவள் யோசிக்கவே இல்லை. “இருப்போம்ங்க. ஊசியப் போட்டுப் பாப்போம்.”

கப்பல் போய்விட்டது. ஊசி தொடங்கியும் இரண்டு வாரம் அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை. அவளை ஊர் மண்ணைக்கூட மிதிக்கவிடாமல் செய்துவிட்டேனே என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் கட்டுத்துணி முதன்முறையாகச் சுத்தமாக வந்தது.

நான்காம் மாதம் டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். மெத்தென்றிருந்தது. அவர் முன்னாலேயே நான் அழுதுவிட்டேன். அவள்தான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.