எருக்கம்பாலும் ஒரு குளிர்பெட்டியும்

பிள்ளைகளா, ஆயுத பூஜை வந்தால் நான் ஏன் எதையும் தொடாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று நீங்கள் மூன்று பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். "உங்கப்பாவுக்குச் சந்தனம் அரைக்கச் சோம்பல்" என்று உங்கள் அம்மா சொல்லிச் சமாளித்துவிடுவாள். காரணம் அது இல்லை. வாயால் சொல்லப் போனால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் துறையூரில் எட்டாவது வரை படித்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். என்னைப் போட்ட இடம் ஒரு அம்மாவின் ஆராய்ச்சிக்கூடம். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், பேராசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் வகுப்பு எடுப்பார். மீதி நேரமெல்லாம் எருக்கம்பால்தான்.

எருக்கங்கிளையை ஒடித்தால் வெள்ளையாக வடியுமே, அதேதான். விடிந்ததும் சைக்கிளில் கொள்ளிடக் கரைக்குப் போய், ஐஸில் வைத்த பாட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து வருவது என் வேலை. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடிப்பேன். பக்கத்துக் கூடத்து அட்டெண்டர் உறையூர்க்காரர், வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷன். என்னைக் கண்டாலே, "என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை படி கறந்தீங்க? கன்னுக்குட்டிக்கு மிச்சம் வச்சீங்களா?" என்பார்.

அந்தப் பாலில் ஒரு என்சைம் இருந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் பசும்பாலை வைத்து அதில் ஒரு சொட்டு விடுவோம். பால் திரிய எத்தனை விநாடி ஆகிறது என்று நான் கடிகாரம் பிடிப்பேன். இதை எதற்கு மாய்ந்து மாய்ந்து செய்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இது பாலுக்குள்ள இருக்கற புரதத்தை நறுக்கறது. அருவாமணைன்னா அதுக்கு வாய் எங்கே இருக்குன்னு கண்ணால பாக்கலாம். இதுக்கு வாய் எங்கே இருக்கு, எப்படி நறுக்கறதுன்னு யாரும் பாத்ததில்லை. எனக்கு அதைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"மைக்ராஸ்கோப்ல தெரியாதுங்களாம்மா?"

"தெரியாது. அவ்வளவு பொடிசு. கல்கண்டு மாதிரி படிகமா வளர்த்து, அதுக்கு எக்ஸ்ரே எடுத்து, பிலிம்ல விழற புள்ளிகளை வச்சுக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்தப் படிகத்தை வளர்க்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு சொட்டில் எவ்வளவு உப்பு, எவ்வளவு புளிப்பு என்று நூற்றுக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்தார். எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் எழுதுவார். பெரும்பாலும் கலங்கிப்போகும், இல்லாவிட்டால் பொடியாகப் படியும். கடைசியில், புதிதாக வந்த குளிர்பெட்டியில் வைத்த ஒரு தட்டில், நான்கு சொட்டுகளில் படிகம் வந்தது. என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடிச் சில்லு போல, ஓரமெல்லாம் சீவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மா என் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

"இன்னும் பெரிசாகணும். பெட்டியை நகர்த்தாதேங்கோ, திறக்காதேங்கோ. நம்ம பெருமாள் மாதிரி படுத்துண்டே இருக்கட்டும்" என்றார்.

சென்னையில் எக்ஸ்ரே கருவி இருந்தது. அதில் அவருக்குப் பத்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். சரஸ்வதி பூஜை லீவு முடிந்ததும் படிகங்களை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆயுத பூஜை அன்று அந்த அம்மா கல்லூரிக்கு வரவில்லை. வீட்டில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வழக்கப்படி நானும் உறையூர்க்காரரும் கூடத்தைக் கழுவினோம். தராசு, மைக்ராஸ்கோப், பால் சுழற்றுகிற இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். உங்களுக்கே தெரியும், அன்றைக்கு எந்தக் கருவியையும் வேலை வாங்கக் கூடாது. எங்கள் ஊரில் ஏரைக்கூட அன்று மண்ணில் வைக்க மாட்டார்கள்.

உறையூர்க்காரர் போய்விட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போதுதான் அந்த முனகல் கேட்டது. எல்லாம் ஓய்ந்து கிடக்க, அந்தக் குளிர்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு நாள்கூட முழு ஓய்வு கிடைத்ததில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. இதுவும் ஒரு கருவிதானே, இதுவும் ஒரு நாள் இளைப்பாறட்டுமே என்று நினைத்தேன். கரண்ட் போகிற நாட்களில் இரண்டு மணி நேரம் நின்றும் ஒன்றும் ஆனதில்லை. நகர்த்தாதே, திறக்காதே என்றுதானே சொன்னார்? நான் நகர்த்தவில்லை, திறக்கவில்லை. ஒரு பொட்டு வைத்து, சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் வந்து சூடம் காட்டிவிட்டு முதல் வேலையாகப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து அந்த அம்மா வந்தார். தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. நான் பக்கத்தில் போனேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான்கு சொட்டிலும் கல்கண்டு இல்லை. அடியில் மாவு போல ஏதோ படிந்திருந்தது.

"லீவுல கரண்ட் போச்சா?" என்று கேட்டார்.

"போகலைங்கம்மா" என்றேன்.

அது பொய் இல்லை. கரண்ட் போகவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுவதும் நின்றேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். பெரியவளே, நீ அப்போது கைக்குழந்தை.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ அளவுதான் தப்பு. நிலைச்சு நிக்கற படிகம் இல்லை இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நோட்டைத் திறந்து, அந்த அளவு எழுதியிருந்த பக்கத்தில் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். சென்னைக்கு வரவில்லை என்று தந்தி கொடுக்க என்னைத்தான் தபாலாபீஸுக்கு அனுப்பினார்.

படிகம் போனதுகூடப் பெரிய நஷ்டமில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அதே அளவில் மறுபடி வைத்திருப்பார், சில மாதங்களில் வளர்ந்திருக்கும். ஆனால் அவர் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு வேறு அளவுகளைத் தேடப் போனார். நான் தினம் பால் பிடித்துக் கொடுத்தேன். நாலு வருஷம் தேடினார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று கொள்ளிடக் கரையில் நினைப்பேன். பாலம் தாண்டி வருவதற்குள் தைரியம் கரைந்துபோகும்.

அப்புறம் ஒரு நாள் தபாலில் வந்த வெளிநாட்டுப் பத்திரிகையை மேஜையில் விரித்து வைத்திருந்தார். யாரோ அந்த எருக்கம்பால் சமாச்சாரத்தையே செய்து முடித்து, படமாகப் போட்டிருந்தார்கள். "நன்னாப் பண்ணியிருக்கா" என்றார். மறுநாள் காலை நான் பாட்டிலோடு வந்து நின்றபோது, "இனிமே வேண்டாம், நீங்க சிரமப்படாதேங்கோ" என்றார். அதன்பின் வகுப்பு மட்டும் எடுத்தார்.

எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். கடைசி நாள், மாலை போட்டவர்கள் எல்லாம் போன பிறகு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அங்கே வைத்துச் சொன்னேன், எல்லாவற்றையும், சுவிட்சில் கை வைத்தது வரை. திட்டுவார் என்று நின்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த அளவு சரியாத்தான் இருந்துதா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"சரியாத்தான் இருந்திருக்கு" என்று இன்னொரு தடவை சொன்னார். ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

நான் வீட்டுக்கு வரவில்லை. கல்லூரிக்குத் திரும்பிப் போய்க் கூடத்தைத் திறந்தேன். யாரும் இல்லை. அலமாரியில் அந்தத் தடித்த நோட்டைத் தேடி எடுத்து, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. கோட்டுக்குக் கீழே தமிழில் எழுதினேன்: "இந்த அளவு சரி. ஆயுத பூஜை அன்று பெட்டியை நிறுத்தியது நான்." என் கையெழுத்தையும் போட்டேன். மை காயும் வரை நோட்டைத் திறந்தபடி வைத்திருந்து, பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.