பின்சீட்டில் அமீனா

முன்னால் போன லாரி லேசாக வேகம் குறைத்ததும் அமீனாவின் வலது கால் தானாக அமுங்கியது. பின்சீட்டில் இருப்பவளுக்கு அமுக்க என்ன இருக்கிறது? காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டில்தான் நசுங்கியது. முப்பது வருஷமாகக் கணவர் காதர் பாட்சா ஓட்டும் வண்டிகளில் இடப்பக்கம் உட்கார்ந்து அவள் இப்படித்தான் பிரேக் போட்டு வருகிறாள். அவருடைய பழைய வேனில் அவள் கால் வைக்கும் இடத்தில் கால்மிதி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. "வண்டிய ஓட்டுறதுதான் நான், நிப்பாட்டுறது அவ" என்பார் காதர் பாட்சா.

இன்றைக்கு முன்சீட்டில் மகள் மஹ்ரீன். ஏழு மாதம். ஓட்டுவது மஹ்ரீனின் மாமியார் தஹ்மீனா. சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம் நடத்துகிறவள். பேச்சும் நிற்காது, வண்டியும் குலுங்காது. குலுங்கினாலாவது ஏதாவது சொல்லலாம்.

"மெதுவாப் போங்க சம்பந்தி, புள்ளத்தாச்சி இருக்கா."

"நாப்பதுலதான் போறேன் சம்பந்தி."

"நாப்பதா? எனக்கு எம்பது மாதிரில்ல இருக்கு."

பக்கத்தில் காதர் பாட்சா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மிளகாய்வத்தல் கமிஷன் கடையில் நாள் முழுக்கத் தும்முகிறவர், ஏசி வண்டியில் ஏறினால் உடனே தூங்கிவிடுவார்.

அமீனா விருதுநகரில் வீட்டிலேயே கறிமசாலா அரைத்து விற்கிறாள். கல்யாண ஆர்டரென்றால் இரண்டு பெண்களைக் கூட்டுக்கு வைத்துக்கொள்வாள். வறுக்கிற கரண்டியை மட்டும் யாரிடமும் தர மாட்டாள். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவாள். வத்தலை மட்டுமல்ல, புதுத் துணியை, மருந்துச் சீட்டை, வீட்டுக்கு வருகிறவர்களின் கைக்குழந்தையை. பிடித்திருந்தால் இரண்டாம் தடவை முகர்வாள்.

பொறாமை என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. "எனக்கு வயித்தெரிச்சல்லாம் கெடையாது, ஞாயத்தக் கேக்கேன்" என்பாள். எதிர்வீட்டு மாடத்தியின் கோழிக்குழம்பை யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அமீனா வீட்டில் மீன் வறுபடும், ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து. மஹ்ரீன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு டீச்சரைப் பற்றியே வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். அமீனா ஒருநாள் பள்ளிக்கூடம் போய் அந்த டீச்சரைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பொம்பளதான். சேலை கட்டத்தான் தெரியல" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவள் வரையில் பேச வேண்டிய விஷயமே இல்லை. ஏழாம் மாதம் பெண்ணைக் கூட்டிவர வேண்டும். வருகிற வழியில் அவள் ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டும். மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டாயிற்று. தெரு முழுக்கச் சொல்லியுமாயிற்று. சிவகாசியில் துணி, சாத்தூரில் சேவு, சாயங்காலம் விருதுநகரில் மகள் இறங்கிவிடுவாள் என்பது அவளுடைய திட்டம். "நம்ம வண்டியிலயே சுத்திட்டு வருவோம் சம்பந்தி" என்று தஹ்மீனா சொன்னபோது சரியென்றுதான் பட்டது. ஆனால் காலையில் கார் மஹ்ரீனோடு விருதுநகர் வாசலில் வந்து நின்றதும் அமீனா டிக்கியைத்தான் முதலில் பார்த்தாள். காலியாக இருந்தது.

"ஒன் பை எங்கடி?"

"சாயங்காலம் பேசிக்கிருவோம்மா."

சிவகாசி வழியாகத்தானே போகிறோம், அங்கே எடுத்துக்கொள்வாளாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். மடியில் ஒரு தூக்குச்சட்டி. அதில் மாங்காய் வத்தல், உப்பில் ஊறிய நெல்லிக்காய், புளியும் கருப்பட்டியும் இடித்த உருண்டை. திருத்தங்கல் தாண்டுவதற்குள் மூன்று தடவை நீட்டினாள். மூன்று தடவையும் மஹ்ரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒமட்டுதும்மா." ஏழு மாதமாகியும் மசக்கை விடவில்லை. காதர் பாட்சா விழித்து இரண்டு உருண்டை தின்றுவிட்டு மறுபடி தூங்கினார்.

துணிக்கடையிலாவது தன் கை ஓங்கும் என்று அமீனா நம்பியிருந்தாள். விலை கேட்டு, சிரித்து, துணியைக் கீழே போட்டு, செருப்பை மாட்டி, வாசல்வரை போய், கடைக்காரர் கூப்பிட்ட பிறகு திரும்புகிறவள் அவள். அந்த வாசல்வரை போகும் நடையை மகள் சின்ன வயதில் வீட்டில் நடித்துக் காட்டுவாள். கடைக்காரர் காசிராஜன் அதற்கு வழியே விடவில்லை.

"தஹ்மீனா அக்காவுக்கு வெலை சொல்றதில்லம்மா. கொறச்சுத்தான் போடுவேன்."

"கொறச்சதுல இன்னும் கொறைங்க."

"அப்பறம் நான் அக்காகிட்ட வேலைக்குத்தான் சேரணும்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். தஹ்மீனாவும் சிரித்துக்கொண்டே மருமகளுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகளை எடுத்து வைத்தாள். அமீனா அதே துணியில் அதே பட்டனோடு வேறு நிறத்தில் அத்தனை எண்ணம் எடுத்து வைத்தாள். துணியை முகர்ந்து பார்த்து, "கஞ்சி சாஸ்தி" என்றாள். வாங்காமலும் இல்லை.

வண்டி கிளம்பியது. தஹ்மீனாவின் வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை. அமீனாவின் கால் அமுங்கியது.

"வீட்டுக்குப் போகலையா சம்பந்தி?"

"தாயில்பட்டில ஒரு கம்பெனிக்கு லேபிள் சாம்பிள் குடுக்கணும் சம்பந்தி. சீசன் பாருங்க, இன்னைக்கே கேட்டுட்டாக. குடுத்துட்டு அப்படியே சாத்தூர்."

ஒரு குறை கிடைத்துவிட்டது. அமீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏழு மாசப் புள்ளய யாராச்சும் வெடிமருந்து வாடைக்குள்ள கூட்டிட்டுப் போவாகளா?"

தஹ்மீனா பட்டாசுக் கம்பெனிக்கு வெகு முன்பாகவே, ரோட்டோர வேம்பின் நிழலில் வண்டியை நிறுத்தி, கம்பெனிக்குள் கூடாதென்று போனையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, லேபிள் கட்டை இடுக்கிக்கொண்டு வெயிலில் தனியாக நடந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் போவதை அமீனா பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்பச் சொல்லுடி. பை எங்க?"

மஹ்ரீன் டேஷ்போர்டைத் திறந்தாள். உள்ளே மடிக்காத லேபிள் தாள்கள். மயில், ராக்கெட், சிரிக்கும் குழந்தை. புதிதாக அச்சடித்த பளபளப்பு. அவற்றில் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக் கண்ணை மூடி இழுத்தாள். தோள்கள் தளர்ந்து இறங்கின.

"என்னடி பண்ற?"

"இந்த வாடைதாம்மா. இது இருந்தா சோறு எறங்குது."

"இது எப்பருந்து?"

"மூணாம் மாசத்துலருந்து. மாமிதான் கண்டுபிடிச்சாக. மிஷின் ரூம் பக்கமே நான் சுத்துறதப் பாத்துட்டு. தெனம் காலையில மொத தாளு எனக்குத்தான்."

அமீனா அந்தத் தாளை வாங்கி முகர்ந்தாள். மண்ணெண்ணெய்போல ஏதோ, அடியில் பசை. இரண்டாம் தடவையும் முகர்ந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. நாலு மாதமாக மகளுக்குப் போனில் சமையல் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இந்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை அவள் காதுக்கு வரவில்லை.

மஹ்ரீன் வயிற்றில் இருந்தபோது அமீனாவுக்கு ஈரச்சாக்கின் வாடை வேண்டியிருந்தது. சாக்குகளை அலசிக் காயப்போடும் நாளில் ஏதோ வேலைபோலக் கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். மாமியாரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. இப்போது வேம்படியில், வண்டிக்குள் உட்கார்ந்து, தான் பெற்ற மகளைப் பார்த்தே அவளுக்கு வயிறு எரிந்தது.

"நான் சிவகாசியிலயே இருந்துக்கிறேம்மா" என்றாள் மஹ்ரீன். "டாக்டரம்மா இங்கனதான் இருக்காக. இந்த வாடையும் இங்கனதான் இருக்கு. கோச்சுக்காத."

தஹ்மீனா வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஏறினாள். அமீனா காத்திருந்தவள்போல, "எம்மகள நல்லா வளைச்சுப் போட்டுட்டீக சம்பந்தி" என்றாள்.

"இருன்னும் நான் சொல்லல, போன்னும் சொல்லல சம்பந்தி. அம்மா அத்தா வீட்டுக்குப் போறதுன்னா கொண்டாந்து விடுறேன்னுதான் சொன்னேன். அவகிட்டயே கேளுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரு வார்த்தை சொல்லாமலேயே வளைச்சிருக்கீக!"

தஹ்மீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

சாத்தூரில் இருவரும் ஆளுக்கொரு கடையில் சேவு வாங்கினார்கள். காதர் பாட்சா இரண்டு பொட்டலத்தையும் பிரித்து மாறி மாறித் தின்று, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி இரண்டு பேரிடமும் முறைப்பு வாங்கினார்.

விருதுநகரில் வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாடத்தி தன் வாசலில் நின்றிருந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். காதர் பாட்சா இறங்கிச் சோம்பல் முறித்தார். மஹ்ரீன் இறங்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

மாடத்தி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "என்ன மதினி, மக எறங்கலையா?"

"எறங்க வேண்டியவரு எறங்கிட்டாரு" என்றாள் அமீனா.

சுற்றி வந்து நின்ற கணவரிடம் ஜன்னல் வழியாகச் சேவுப் பொட்டலங்களை நீட்டினாள். பிறகு இடுப்புச் சாவியை உருவிக் கொடுத்தாள். "மல்லி வெயில்ல கெடக்கு, அள்ளி வச்சிருங்க. ஆர்டர்காரக வந்தா அடுத்த மாசம் வரச் சொல்லுங்க. ஒங்களுக்கு மாடத்தி கொழம்பு குடுப்பா. அவ கோழிக்கொழம்பு நல்லாத்தான் இருக்கும்."

காதர் பாட்சா சாவியைப் பார்த்தார். "நீ?"

"சிவகாசியில மாத்துச்சேலைக்கு என்ன சம்பந்தி செய்வீக?" என்றாள் தஹ்மீனா, திரும்பாமலேயே.

"ஒங்க சேலை என் ஒயரத்துக்கு எட்டுமான்னு தெரியல. பாப்போம்."

காதர் பாட்சா இறங்கியபோது திறந்தே விட்டிருந்த கதவு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அமீனா சீட்டின் குறுக்கே எக்கி, அதைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள். சரியாக விழவில்லை. திறந்து, மறுபடி ஓங்கிச் சாத்தினாள்.