பொருக்கு

என் மகளிடம் எதையாவது சொன்னால், "விளங்கினதோ?" என்று கேட்பதோடு நான் விடுவதில்லை. என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லச் சொல்வேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தண்டனை. "குடையைக் கொண்டு போ எண்டால் குடையைக் கொண்டு போறதுதானேம்மா, அதிலை விளங்க என்ன கிடக்கு?" என்று கேட்பாள். கிடக்கிறது. ஒரு சொல்லை நம்பிப் போன பிள்ளை இடுப்பளவு புதைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் இருந்தது. அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் காணிக்கு வந்து வன்னியின் முரசுமோட்டையில் நெல் விதைத்தவர்கள். அம்மா, மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பெண். புண் காய்ந்ததும் அதன் மேல் படிகிற கறுத்த ஓட்டை அப்பாவின் ஆட்கள் அயறு என்பார்கள். அம்மா பொருக்கு என்பார். நான் எங்காவது விழுந்து எழும்பாத கிழமை இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மா என் முழங்காலைத் தடவிப் பார்த்து, "பொருக்கு தட்டிருச்சு. இனிமே பயமில்ல, ஓடு" என்பார்.

அப்பாவின் அக்காவான மாமி குசினிக்குள்ளிருந்து சிரிப்பார். "என்ன பொருக்கோ? பிள்ளைக்கு நல்ல தமிழைப் பழக்குங்கோ மச்சாள்."

அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆக, ஏழு வயதில் எனக்குத் தெரிந்த பொருக்குக்கு ஒரே ஒரு பொருள்தான். ஆறிவிட்டது, இனி ஓடலாம்.

அந்த வருடம்தான் ஊரின் சின்னக் குளத்துக்கு அப்பால் நாங்கள் மிளகாய்த் தோட்டம் செய்யத் தொடங்கியிருந்தோம். அதுவரை வாய்க்கால் கரையில் விளையாடிய எனக்குக் குளம் புதிது. ஆவணி வெயிலில் அது வற்றிக் கிடந்தது. அக்கரையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் ஒரு போத்தலில் தேத்தண்ணீர் கொண்டு போனேன். நாலு வயதுத் தம்பி பின்னால் வந்தான். குளக்கட்டால் சுற்றிப் போனால் தேத்தண்ணீர் ஆறிவிடும். நேரே பார்த்தால் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்து, அம்மா நிற்கிற இடம்வரை ஒரு சாம்பல் நிற முற்றம்போல விரிந்திருந்தது.

சித்தப்பா சைக்கிளில் தென்னோலைகளைக் கட்டிக்கொண்டு குளக்கட்டால் போய்க்கொண்டிருந்தார். "சித்தப்பா, நடுவாலை போகலாமோ?" என்று கேட்டேன்.

"நடுவிலை பொருக்கடி பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டே போனார்.

குளக்கரையில் வளர்ந்த எவருக்கும் அது போதும். மேலே காய்ந்த ஓடு, கீழே இளகின சேறு, கிட்டப் போகாதே. அவ்வளவையும் அவர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார். எனக்கோ அந்தச் சொல்லில் இருந்தது அம்மாவின் கைச்சூடு. "பொருக்காம், பயமில்லை, ஓடு" என்று தம்பியை முன்னே விட்டேன்.

கொஞ்சத் தூரம் தரை தாங்கியது. பிறகு அவனுடைய கால்கள் சத்தமில்லாமல் உள்ளே போயின. முழங்கால், தொடை, இடுப்பு. அவன் அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

நான் கத்திய சத்தத்தில் சித்தப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓலைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கரையிலிருந்து அம்மாவும் நேரே இறங்கி ஓடிவந்தார். "அண்ணி, அதிலை நில்லுங்கோ, நீங்களும் தாண்டு போவியள்" என்று சித்தப்பா குரல் கொடுத்தார். அம்மா நிற்கவில்லை. முழங்காலளவு புதைந்து, அடுத்த காலை எடுக்க முடியாமல் போன பிறகுதான் நின்றார். சித்தப்பா ஓலைகளைப் பரப்பி, அவற்றின் மேல் குப்புறப் படுத்து, தம்பியின் கமக்கட்டுகளில் பிடித்துக் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்தெடுத்தார். பிறகு அம்மாவையும்.

குளக்கட்டில் ஏறியதும் சித்தப்பா மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். "பொருக்கெண்டு சொன்னனானெல்லே?"

"ஓம், சொன்னனீங்கள். அதுதான் போனனாங்கள்."

வெயில் பிடித்துவிட்டதோ என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தம்பியின் காலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை மட்டும் ஒரு கணம் நின்றது.

வீட்டில் நான் விளங்கப்படுத்தியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளை தப்பி வந்த நிம்மதிச் சிரிப்பு அது. "ஒரு சொல்லாலை பெடியனைச் சேத்துக்கை இறக்கிப்போட்டியளே மச்சாள்" என்றார் மாமி. அம்மாவும் சிரித்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். அடுப்பில் காய்ந்த பாலின் மேல் படிந்திருந்ததைக் காட்டி, "இத இங்க என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டார். "ஏடு" என்றேன். கிணற்றடிக் கல்லில் வழுக்கிய பச்சையைக் காட்டினார். "பாசி" என்றேன். அம்மாவும் அதைப் பாசி என்றுதான் சொல்வார். ஆனாலும், "அதேதானா? நல்லாத் தெரியுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். அதன் பிறகு பல நாட்கள், எங்களை எங்கேயாவது போகச் சொல்லுமுன் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

அம்மாவுக்கு எங்கள் தமிழைப் பழக ஆசை வந்துவிட்டதென்று எனக்கு ஒரே பெருமை. கேட்ட சொல்லையே அவர் மறுபடியும் கேட்ட ஒரு நாள், "நேற்றும் சொல்லித் தந்தனானெல்லே, மறந்திட்டியளோ?" என்று அதட்டினேன்.

அம்மா, ஒரு டீச்சருக்கு முன்னால் நிற்பவரைப்போலக் கைகளைக் கோத்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.