ஹெஸ்டர் கொடுத்த அண்டா

இங்கிலாந்தில் எங்கள் நெதர்விக் கிராமத்தில் போர் இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று வானத்தில்; அது ஜெர்மன்காரனோடு. மற்றொன்று மாதர் சங்கக் கூடத்தில். அதை ஹெஸ்டர் லவ்ரிட்ஜ் எங்களோடு நடத்தினாள். முதல் போருக்காவது ஒளிந்துகொள்ளப் பதுங்கு குழி இருந்தது.

ஹெஸ்டர் என் பக்கத்து வீட்டுக்காரி, விதைக்கடை பெர்சியின் விதவை. சண்டைக்கு முன்னால் அவளுடைய பெருமையெல்லாம் பிளம் ஜாம்தான். செப்டம்பர் கண்காட்சியில் முதல் பரிசு வருடம் தவறாமல் அவளுக்கே போகும். இரண்டாம் பரிசு வாங்கியவள் அவளிடம் ஆறுதலும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்ப முடியும். எல்லாம் அண்டாவின் ராசி என்பாள். இருபது வருடத்துக்கு முந்தைய சண்டையிலிருந்து பெர்சி கெட்டுப்போன நுரையீரலோடு திரும்பியபோது, பட்டாளத்தில் கொடுத்தனுப்பிய பணத்தில் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய அலுமினிய அண்டா அது. அவன் போய்ச் சேர்ந்த பிறகு அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை. அதற்காக மட்டும் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

சண்டை வந்ததும் சங்கத் தலைவியானாள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. விஷவாயு முகமூடி இல்லாமல் தபால்பெட்டி வரை போனாலும் திட்டு விழும். அவளுடைய முகமூடிப் பெட்டிக்குள் வெள்ளரிக்காய் சான்ட்விச் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எதிரி வந்தால் வழி தெரியக்கூடாது என்று சாலையோரப் பலகைகளைப் பிடுங்கியபோது, வழி கேட்டு எவன் வந்தாலும் வாய் திறக்கமாட்டோம் என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள்.

பிறகு வானொலியில் அறிவிப்பு வந்தது. அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், உருக்கி விமானம் செய்கிறோம் என்றார்கள். மறுநாள் காலையிலேயே ஹெஸ்டர் தள்ளுவண்டியோடு வாசல் வாசலாக ஏறினாள்.

"பையனுங்க உசிரையே குடுக்கிறாங்க. நீங்க ஒரு பாத்திரத்துக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறீங்களே!"

இதை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் கண் கலங்கினாள். என் அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். எல்லாம் இரும்பு. "இரும்பா?" என்று முகம் சுளித்து வண்டியைத் திருப்பினாள். இல்லாமை எனக்கு உதவி செய்தது அன்று ஒரு நாள்தான்.

பக்கத்து நகரமான ஈவ்ஷத்தின் கடைத்தெரு வரை போய், பாத்திரக்கடைக்காரரை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வெட்கப்படுத்தி, விற்க வைத்திருந்த புதுப் பாத்திரங்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

தெருக்கோடியில் மில்லி ஸ்பயர்ஸ் இருந்தாள். ஊரார் துணியை வெளுத்துப் பிழைப்பவள். ஒரே மகன் ரெஜி, குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கிக்காரன். அவளிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பாத்திரம். அதில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் துணியில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ரெஜி போற விமானத்துல இதுவும் ஒரு மூலையில இருக்கும்ல, மிஸஸ் லவ்ரிட்ஜ்?"

"கண்டிப்பா இருக்கும், மில்லி."

அதன்பிறகு மில்லி பிஸ்கட் டின்னில் சமைத்தாள்.

வண்டியில் ஹெஸ்டரின் அண்டா இல்லை. எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, கேட்கிறவளே அவள்தானே. வேலிக்கு மேலாக எனக்கு மட்டும் தெரிந்தது. அவளுடைய கோழிக்கூட்டுக்குள் வைக்கோலுக்கு அடியில் ஏதோ பளபளத்தது. அவள் பழுப்புக் கோழி அதற்குள் ராணி மாதிரி உட்கார்ந்து முட்டை போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருடம் பிளம் காய்த்த காய்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. கிளைகள் முறிந்து விழுந்தன. பழம் வீணாகக்கூடாது, சங்கத்துக்குச் சர்க்கரை தருகிறோம், ஜாம் செய்து கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ரேஷனில் ஒரு கரண்டிச் சர்க்கரையை வாரம் பூராவும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு மூட்டை மூட்டையாகச் சர்க்கரை! ஹெஸ்டர் மூன்று தடவை உரையாற்றினாள்.

சர்க்கரை லாரி ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓட்டுநர் யாரிடம் வழி கேட்டாலும், கொடுத்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கூடத்தின் முன்னால் வந்து நின்றபோது, அதிலிருந்து இறங்கிய அதிகாரி மிஸ் ஆம்ஃப்லெட்டின் முகம் பிளம் நிறத்தில் இருந்தது.

"சரி, பாத்திரம் எங்க?" என்று கேட்டாள்.

கூடம் முழுக்கப் பழக்கூடைகள், மேலே குளவிகள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாளியில கிண்டலாமே?" என்றாள் ஹெஸ்டர்.

"துத்தநாகப் பூச்சும்மா அது. தின்னவங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க."

"என்கிட்ட இரும்புச் சட்டி இருக்கு" என்றேன் நான்.

"ஜாம் கறுத்துடும். பெரிய அலுமினியப் பாத்திரம் ஒண்ணுகூடவா இந்த ஊர்ல இல்ல?"

"எல்லாத்தையும் நாட்டுக்குக் குடுத்துட்டோம்" என்றாள் ஹெஸ்டர். பழக்கதோஷத்தில் குரல் உயர்ந்தது. பாதியில் அடங்கிவிட்டது.

"அப்போ சர்க்கரையைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோறேன். அங்க இவ்வளவு தேசபக்தி இல்லபோல."

ஓட்டுநர் மூட்டையைத் தோளில் ஏற்றினான். ஹெஸ்டர் மூட்டையைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் தப்பும். ஊரின் பழம் அழுகும். அண்டாவைக் கொண்டுவந்தால் பழம் தப்பும்; அவள் இனி யார் வாசலிலும் நிற்க முடியாது. நான் சொல்லியிருக்கலாம். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவள் அண்டாவோடு திரும்பி வந்தபோது தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அண்டாவுக்குள் ஒரு பழுப்பு இறகு. இன்றோடு இவள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், மனதுக்குள் கொஞ்சம் கொண்டாட்டம்கூட.

அப்போது கசாப்புக்கடை மிஸஸ் ஹேன்காக்ஸ் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் புகைபோக்கியில எதையோ சொருகி வெச்சமாதிரி இருந்துச்சு... பாத்துட்டு வரேன்."

பாதிரியாரின் மனைவி இருமினாள். "கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னாடி ஒண்ணு கிடந்துச்சு. யாரோடதோ."

கொஞ்ச நேரத்தில் கூடத்து மேசை நிறைந்துவிட்டது. கரி அப்பியது, குழந்தை வண்டியில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தி வந்தது, கிணற்றுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டது. கொடுத்ததெல்லாம் ஓட்டை, ஒளித்ததெல்லாம் நல்லது. யாருக்கும் வெட்கம் வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஹெஸ்டருக்கும் உயிர் வந்தது. உரையாற்ற வாயைத் திறந்தாள்.

மில்லி மட்டும் வெறுங்கையோடு நின்றிருந்தாள். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அப்போ ரெஜி போற விமானம்," என்றாள் மெதுவாக, "என் பாத்திரத்துல மட்டும்தான் பறக்குதா?"

சிரிப்பு நின்றது. அவள் கேலி செய்யவில்லை. முகத்தில் பயம் இருந்தது.

"மில்லி, இத நீ எடுத்துக்கோ" என்று ஹெஸ்டர் அண்டாவை அவள் பக்கம் தள்ளினாள். "நீ சமைக்கிறதுக்கு."

"எனக்கு எதுக்குங்க? டின் இருக்கு." மில்லி அண்டாவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "நல்லா கெட்டியா இருக்கு. ஜாம் முடிஞ்சதும் இத அனுப்பிடுங்க. ஒரு றெக்கைக்காவது ஆகும்."

அந்த வாரம் முழுக்கக் கிண்டினோம். ஜாடிகளை ஏற்ற அதே லாரி வந்தது. மற்றவர்கள் பாத்திரத்தை முந்தின நாளே துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஹெஸ்டர் மட்டும் தேய்த்துக் கழுவிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஓட்டுநர் அதைத் தட்டிப் பார்த்தான். "நல்ல அண்டாவாச்சேம்மா. ஓட்டைகூட இல்லையே?"

ஹெஸ்டர் இரண்டு கையாலும் அதை ஏற்றி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்தச் சண்டையில் அவள் உரையாற்றாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.