காய்ச்சலே காணாத உடம்பு

சென்ற வாரம் போடிமெட்டில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கீழிருந்து வந்த ஜீப்பு டிரைவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அண்ணே, அருளப்பர் ஐயா தவறிட்டாரு. சாவுல என்னமோ இருக்குன்னு ஊரே பேசுது."

ஏலக்காய்த் தரகர் அருளப்பரோடு பல வருடம் கூட்டாகத் தொழில் செய்தவன் நான். அவர் எதையும் எளிதில் நம்பாதவர். மூட்டையின் வாயில் காய் பச்சைப் பசேலென்று இருந்தால் அவர் முகம் சுருங்கும். அடிவரை கையை விட்டு எடுத்து உடைத்துப் பார்ப்பார். "மேல காட்டுறத வாங்குறதுக்கு நான் எதுக்கு மாப்ளே?" என்பார். அதனால் அவர் சொல்லுக்குப் போடியில் மறுபேச்சு கிடையாது. மனைவி இறந்தபின் மருமகள் மரியபுஷ்பம் கையால்தான் சாப்பிட்டார். அவர் சோதிக்காமல் நம்பியது அந்தச் சாப்பாட்டை மட்டுமே.

இந்த மழையில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். அவர் வீட்டிலும் எல்லோரும் அனலாய்க் கொதித்துப் படுத்து, எழுந்துவிட்டார்கள். எழுபதைக் கடந்த அவருக்கு மட்டும் உடம்பு சுடவே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குழறியது. பார்க்க வந்தவர்களிடம், "கஞ்சில என்னமோ கலக்குறா" என்றாராம். மறுநாள் போய்விட்டார்.

நான் போனபோது, சவப்பெட்டியை மூடவிடாமல் அவருடைய தம்பி செபஸ்தியார் நின்றிருந்தார். போலீசு வரட்டும் என்றார். காய்ச்சலே இல்லாதவர் எப்படிச் சாவார், அண்ணன் ஒருத்தரைத் தப்பாகச் சொன்னதுண்டா என்று கேட்டார். கஞ்சிப் பானையை யாரோ அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மரியபுஷ்பத்தின் பக்கத்தில் ஒரு பெண்கூட உட்காரவில்லை.

கடைசி நாளில் அருளப்பரைப் பார்த்த டாக்டர் வந்தார். வாலிப உடம்பு கொதித்து நோயோடு போராடும், முதிய உடம்புக்கு அந்தத் தெம்பு குறைவு என்றார். சூடு ஏறாமலே நெஞ்சில் சளி கட்டிவிடுமாம். மூச்சு போதாமல் புத்தியும் தடுமாறுமாம். கஞ்சியைப் பற்றிச் சொன்னதும் அந்தத் தடுமாற்றம்தான் என்றார்.

"நீங்களும் அவ பக்கமா?" என்றார் செபஸ்தியார்.

அப்போதுதான் மரியபுஷ்பம் வாய் திறந்தார். "டாக்டர், மாமாவுக்கு வாங்குன மாதிரியே சின்ன மாமாவுக்கும் மூச்சு வாங்குது. காலையிலேர்ந்து பாக்குறேன். வெரசா பாருங்க."

தனக்குக் காய்ச்சல் இல்லை என்று செபஸ்தியார் சீறினார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சுக்காக நின்றார். டாக்டர் குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரிவரை அவரைத் தாங்கிப் பிடித்துப் போனவர் மரியபுஷ்பம்தான். பெனிசிலின் ஊசியில் செபஸ்தியார் இப்போது தேறி வருகிறார். ஊர் முழுதாகத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கடைவீதியில் நான் வந்ததும் நின்றுபோகும் பேச்சுகள் இன்னும் உண்டு.

ஐயா, உங்களை அடக்கம் செய்த நேரத்தில் உங்கள் மருமகள் உங்கள் தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்காக ஒரு பிடி மண்ணும், அவருக்காக ஒரு பிடியும் நான்தான் போட்டேன். நிம்மதியாக உறங்குங்கள்.