சித்திக்கு நான் தட்டிய டச்சு

அம்மாவின் தங்கை, என் சித்தி, டச்சு படித்தபோது நான் ஏழாம் வகுப்பு. சித்தப்பா நெதர்லாந்தில் வேலையாக இருந்தார். அவர் மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால், மனைவி அந்த ஊர்ப் பாஷையைப் பேசிக்காட்டி ஒரு பரீட்சையில் தேற வேண்டுமாம். அதனால் கல்யாணமான ஆறாம் மாதம் சித்தி பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

டச்சுக்காரர்கள் இரண்டு சொற்களை ஒட்டவைத்து ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெரும்பாலும் முதல் துண்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நாமோ எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை கொடுக்கிறவர்கள். சித்தி டச்சு பேசினால் ரேஷன் கார்டு நம்பரை ஒப்பிப்பது போலிருக்கும்.

அதில்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, போனில் டச்சுப் பாடம் சொல்லும் குரலைக் கேட்டு, அழுத்தமான துண்டுக்குக் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு, மற்றவற்றுக்கு மெதுவாக. படுக்கையறைக்கு ஸ்லாப்-கா-மர்: டங், டிக், டிக்.

"இன்னாடி இது, பம்ப மோளக்காரன் வந்த மாரி கீது" என்பாள் அம்மா அடுப்படியிலிருந்து.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான், பாஸானால் சித்தி போய்விடுவாள் என்பது என் மண்டையில் உறைத்தது. எனக்குச் சடை பின்னுவது அவள்தான். அம்மா பின்னினால் உயிர் போகும். மறுநாளிலிருந்து கடைசித் துண்டை ஓங்கித் தட்டினேன். டிக், டிக், டங்.

சித்தி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "இப்டியா?"

"ஆமா சித்தி. நல்லா கேட்டுட்டேன்."

அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். எனக்குப் பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. மீதி நாள்களிலும் சாயங்காலம் ஆனால் கூப்பிட்டாள்: "வாடி, டப்பாவ எட்த்துக்கினு வா." நான் தப்பாகத் தட்டத் தட்ட எங்களுக்குச் சிரிப்பாக வரும். ஏன் அவளும் சிரிக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

சித்தி டச்சுத் தூதரகத்துக்குப் போய்ப் பரீட்சை கொடுத்து, நல்ல மார்க்கில் பாஸானாள். பரீட்சை வைத்தவர்களுக்குக் காது சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

போன வருடம் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "நீ தப்பாத் தட்னது அவளுக்கு மொத நாளே தெரியும்டி. நீ ஸ்கூலுக்குப் போனப்பறம் தனியா கேட்டு ஒழுங்காப் படிச்சிக்குவா."

பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டாள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் போனால் எனக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருந்திருக்கிறது.