தண்ணீரில் பாஸான கேஸ்கெட்

கொத்தமங்கலம் ஆச்சி போன் செய்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆச்சி எண்ணெய் மில் நடத்துபவர். செக்கிலிருந்து டேங்குக்குப் போகும் பைப்பின் இணைப்புகளில், எண்ணெய் கசியாமலிருக்க, எங்கள் ரப்பர் கேஸ்கெட்டை மாட்டியிருந்தார்.

"சார், உங்க கேஸ்கெட் பரோட்டா கணக்கா ஏடு ஏடா உரியுது. கல்யாண வீட்டுப் பலகாரத்துக்கு வச்சிருந்த நல்லெண்ணெய் பூராம் தரையில கெடக்கு. முதலாளிய வரச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய பார்ட்டி அவர்தான். அவர் போனால் யூனிட்டுக்குப் பூட்டு.

அமராவதிபுதூர் ரோட்டில் இருந்த அந்த யூனிட்டில் நான் காம்பவுண்டிங் பார்த்தேன். எந்த ரப்பரோடு எந்த பிளாஸ்டிக்கைக் கலக்கலாம் என்று சொல்வது என் வேலை. அதைக் கேட்காமலிருப்பது முதலாளியின் வேலை. இருவருமே குறை வைக்கவில்லை.

அதற்கு முன் கால்மிதி போட்டோம். ஈபிடிஎம் ரப்பரும் பிபி பிளாஸ்டிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே குணம், மிக்ஸரில் போட்டால் சேர்ந்துகொள்ளும். எல்லா ரப்பரும் எல்லா பிளாஸ்டிக்கோடும் சேரும் என்ற பேருண்மையை முதலாளி அதிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

ஆச்சியின் கேஸ்கெட் எண்ணெய் தாங்க வேண்டும், அதனால் நைட்ரைல் ரப்பர். அதிலும் பிபியையே கலக்கச் சொன்னார் முதலாளி. நைட்ரைலுக்கும் பிபிக்கும் ஆகாது. கலந்தது போலத் தெரியும், உள்ளே தனித்தனியாகத்தான் இருக்கும். இரண்டையும் பிடித்து வைக்க கம்பாட்டிபிலைசர் என்று ஒரு சரக்கு வேண்டும். கொஞ்சம் போதும், விலைதான் அதிகம்.

"அது எதுக்கு?" என்றார் முதலாளி.

"ரெண்டையும் சேத்து வைக்க."

"தரகருன்னு சொல்லுங்க. நம்ம மிக்ஸர் இருக்கையில தரகருக்கு வேற கமிஷனாக்கும்?"

தரகர் இல்லாமலே காரியம் நடந்தது. ஷீட் பளபளவென்று வந்தது. மடக்கினால் வெள்ளைக் கோடு விழுந்தது, உள்ளே ஒட்டவில்லை என்று அர்த்தம். காட்டினேன்.

"ஆச்சி என்ன மடக்கியா வைக்கப்போறாக?"

சூடான எண்ணெயில் ஊறவைத்துப் பார்க்க ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கேட்டேன்.

"விக்கிற விலைக்கு ரப்பருக்கு எண்ணெய்க் குளியலா? தண்ணியில போடுங்க. எல்லாம் ஈரந்தான."

போட்டோம். பிரமாதமாகப் பாஸ் ஆனது.

போன் வந்த அன்றே முதலாளியும் நானும் மில்லுக்குப் போனோம். ஆச்சி ஒரு கேஸ்கெட்டை எங்கள் கண் முன்னால் உரித்துக் காட்டினார்.

"தம்பி, இத எதுல போட்டுப் பாத்தீக?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"தண்ணியில, ஆச்சி" என்றார் முதலாளி.

"நா என்ன தண்ணியா ஆட்டுறேன்?"

மறுநாள் மில் வண்டியில் ஒரு டின் வந்து இறங்கியது. தரையிலிருந்து வழித்த எண்ணெய், மண்ணும் பிண்ணாக்குத் தூளுமாக.

"சோதிச்சுப் பாக்க எண்ணெய் இல்லாம கஷ்டப்படுறீகளாம். ஆச்சி குடுத்துவிட்டாக. வெலய உங்க பில்லுல கழிச்சுக்கிருவாகளாம்" என்றார் டிரைவர்.

முதலாளி டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தரகர வரச் சொல்லுங்க."

தரகரையும் சேர்த்துக் கலந்த அடுத்த பேட்சை அந்த எண்ணெயிலேயே சுடச்சுட ஊறவைத்தேன். உரியவில்லை. ஆச்சி இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார். டின் காலியாவதற்குள் முதலாளியே எண்ணெய் வாங்கி வந்துவிடுகிறார், நான் வாய்விட்டுக் கேட்பதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். இரண்டு சரக்கு சேருமா என்பதைச் சரக்கிடமே கேளுங்கள், முதலாளியிடம் கேட்காதீர்கள். அதுவும் எண்ணெயில் போட்டுக் கேளுங்கள். தண்ணீரில் எல்லாமே ஆமாம் என்றுதான் சொல்லும்.